அடுப்புக்கு மேலிருந்த எட்டு டேப்புகள்

ஜெபிஷா என்ற பெயர் என் காதில் முதலில் விழுந்தது ஒரு பெட்டியோடு. ஐந்து வருஷத்துக்கு முந்தி, கார்த்திகை மழை நசநசவென்று பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் உடன்குடியில் என் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது. என் தம்பி மகன் சிவனணைந்தபெருமாளுடைய கம்பெனிக் கார். அவனுக்குத் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்தில் கண்டெய்னர் கிட்டங்கி இருக்கிறது. கப்பலில் வருகிற பெட்டிகளை அடுக்கி வைத்து லாரியில் ஏற்றி விடுகிற இடம். டிரைவர் வேல்ராஜ் இறங்கி, ஒரு நீலப் பிளாஸ்டிக் பெட்டியைப் பச்சைப் பிள்ளையைக் கொடுப்பது போல என் கையில் கொடுத்தான்.

"அண்ணாச்சி ஒங்க வீட்ல வைக்கச் சொன்னாவ அத்தை. மாசம் ஒருக்கா வந்து மாத்திக்கிடுவேன். ஈரம் மட்டும் படக்கூடாதாம், ஜெபிஷா அக்கா சொன்னாவ."

"அது யாருல ஜெபிஷா?"

"ஆபீஸ்ல கம்ப்யூட்டர் எல்லாம் அவியதான் பாக்காவ. நாசரேத்துப் பக்கம்."

நாசரேத்தில் யார் வீடு என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. எனக்கு ஊரையும் பெயரையும் சொன்னால் போதாது. யார் மகள், யார் பேத்தி என்று தெரிந்தால்தான் ஆள் மனசில் உட்காரும். அன்றைக்கு அந்தப் பெயர் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே இருந்தது.

பெட்டிக்குள் என்ன என்றேன். டேப்பு என்றான். பாட்டு டேப்பா என்றேன். சிரித்துவிட்டு விளக்கினான். எந்தக் கண்டெய்னர் யாருடையது, எந்த வரிசையில் எத்தனையாவது அடுக்கில் இருக்கிறது, அதற்கான கப்பல் பேப்பர் என்ன, எல்லாம் ஆபீஸில் சர்வர் என்கிற ஒரு பெரிய கம்ப்யூட்டரில் இருக்கிறதாம். அது கெட்டுப்போனால் திரும்ப எடுக்க டேப்பில் நகல். ஆபீஸே கெட்டுப்போனால் என்ன செய்ய? அதற்காக இன்னொரு நகல் வேறு ஊரில் இருக்க வேண்டுமாம். மூடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. இங்கிலீஷ். நான் தமிழையே எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன்.

ஈரம் படக்கூடாத பொருளுக்கு எங்கள் ஊரில் ஒரே இடம்தான். அடுப்புக்கு மேலே பரண். கருப்பட்டியை ஓலைப் பெட்டியில் போட்டு அங்கே ஏற்றிவிட்டால் மூன்று மாதம் மழை பெய்தாலும் கசியாது. கீழே எரிகிற விறகின் சூடும் புகையும் அதைக் கல்லு போல வைத்திருக்கும். நீலப் பெட்டியைக் கருப்பட்டிப் பெட்டிகளுக்கு நடுவில், நல்ல புகை போகிற இடமாகப் பார்த்து வைத்தேன். ஓரத்தில் வைக்கவில்லை. நல்ல இடத்திலேயே வைத்தேன்.

மாதத்துக்கு ஒரு தடவை வேல்ராஜ் வேறு பெட்டி கொண்டுவருவான், இருப்பதை எடுத்துப் போவான். அவன் வருகிற நாள் தெரியும் என்பதால் முந்தின நாளே இறக்கி, கரி தெரியாமல் துணி போட்டுப் பளபளவென்று துடைத்து வாசல் அறையில் வைத்துவிடுவேன். அடுத்தவர் பொருளை அழுக்காகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது அல்லவா. அந்தத் துடைப்புதான் ஐந்து வருஷமும் விஷயத்தை மறைத்துவிட்டது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பின்னால் கம்பெனி அனுப்பிய ஒரு பேப்பரில் வேறு மாதிரி எழுதியிருக்கிறார்கள்.

ஜெபிஷாவின் கதை எனக்குப் பின்னால் தெரிந்தது. அவள் அம்மா ஜெயபாய், மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா சைக்கிள் கடை வைத்திருந்து, இவளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது தவறிப் போனார். கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்துவிட்டு பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மூன்று வருஷம் நின்றாள். கல்யாணம் தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் சாத்தான்குளத்து ரெனிஷ் அமைந்தான். உப்பு லாரிகளுக்கு எடை போடுகிற இடத்தில் வேலை. நல்ல பையன், ஆனால் இவளைவிட ஒரு வயது சின்னவன்.

வேதக்கோயிலில் கல்யாண அறிவிப்புக்கு முன்னால் ஒரு விண்ணப்பப் பாரம் நிரப்ப வேண்டும். தாய்மாமன் நிரப்பினார். பெண்ணுக்கு வயது இருபத்தேழு என்று எழுதிவிட்டார். நாலு பேர் பேசக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். குருவானவர் முன்னால் கையெழுத்துப் போடும்போது இவள் பேனாவை வாங்கி அந்த இருபத்தேழை அடித்து இருபத்தொன்பது என்று எழுதியிருக்கிறாள். மாமன் முகம் சுருங்கிப் போயிற்று. இவள் சொன்னாளாம்: "எனக்கு இருபத்தொன்பதுன்னு அவருக்குத் தெரியும். கர்த்தருக்கும் தெரியும். இந்தப் பாரத்துக்கு மட்டும் தெரியாம எதுக்கு மாமா?" ரெனிஷ் அங்கேயே சிரித்துவிட்டானாம். ஜெயபாய் இதைச் சொல்லும்போது இன்னும் கொஞ்சம் வெட்கப்படுகிறாள். நான் வெட்கப்பட மாட்டேன்.

என் தம்பி மகன் கம்பெனியில் அவள் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஆபீஸிலேயே குளுகுளுவென்று இருக்கிற ஒரே அறை சர்வர் அறை. சித்திரை வெயிலில் மற்றவர்கள் சோற்றுப் பொட்டலத்தோடு அங்கே நுழைவார்களாம், இவள் விரட்டுவாளாம். அதைத் தவிர அவள் இருப்பது யாருக்கும் தெரியாது. எல்லாம் ஓடிக்கொண்டிருந்தால் அவளை யார் நினைக்கப் போகிறார்கள்?

வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் ஒரு பேப்பரில் சண்டை வரும். கப்பல் கம்பெனிக்காரர்களுக்குக் கொடுக்கிற பேப்பர். சர்வர் விழுந்தால் எத்தனை நேரத்தில் திரும்ப எழும்பும் என்று அதில் ஒரு கேள்வி. இவள் ஒரு வாரம் என்று எழுதுவாள். மேனேஜர் செல்வின் அதை நாலு மணி நேரம் என்று மாற்றி அடிப்பார். ஒரு வாரம் என்று கொடுத்தால் எந்தக் கப்பல்காரன் நம்மிடம் வருவான் என்பது அவர் கேள்வி. டேப்பு எந்தக் கப்பல்காரனையும் பார்த்து ஓடாது என்பது இவள் பதில். மாற்றி அடித்த பேப்பரில் இவள் கையெழுத்துப் போட மாட்டாள். செல்வினே 'அவருக்காக' என்று போட்டு அனுப்பிவிடுவார். ஏழு வருஷம் ஏழு பேப்பர் அப்படிப் போனது.

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் பூட்டிக் கிடந்தபோது, மாடித் தண்ணீர்த் தொட்டியின் குழாய் உடைந்துவிட்டது. தண்ணீர் கூரை வழியாக இறங்கி நேரே சர்வர் மேல் கொட்டியிருக்கிறது. பக்கத்து அலமாரியில் ஆபீஸ் நகல் டேப்பெல்லாம் இருந்தது. அதுவும் முங்கிப் போனது. திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தபோது கணுக்கால் அளவு தண்ணீர். வெளியே யார்டில் மூவாயிரம் கண்டெய்னர் நிற்கிறது. எது எங்கே என்று சொல்ல ஒரு மெஷினும் இல்லை. பேப்பரைப் பார்த்துத் தேட ஆரம்பித்தால் ஒரு கண்டெய்னருக்கு அரை நாள். பத்து மணிக்கெல்லாம் லாரிகள் கேட்டிலிருந்து பெரிய ரோடு வரைக்கும் நின்றுவிட்டன.

மிச்சம் இருந்தது என் வீட்டுப் பெட்டி மட்டும்.

வேல்ராஜ் சொல்லாமல் கொள்ளாமல் வந்தான். அதனால் நான் துடைத்து வைத்திருக்கவில்லை. பெட்டியை எடுக்க அடுக்களைக்குப் போனேன், அவசரத்தில் அவனும் பின்னாலேயே வந்துவிட்டான். பரணைப் பார்த்தான், அடுப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"இங்கனயா வச்சிருந்திய அத்தை?"

"ஆமாலே. இங்கன வச்சாத்தான ஈரம் படாது."

அவன் அப்படியே அம்மிமேல் உட்கார்ந்துவிட்டான். மாதாமாதம் பெட்டியைத் திறக்கும்போது புகை நாற்றம் அடிக்கிறது, காரில் பீடி குடிக்கிறாயா என்று ஜெபிஷா அவனைத் திட்டுவாளாம். அவனுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. அக்கா ஏதோ கோபத்தில் பேசுகிறாள் என்று ஐந்து வருஷமாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறான். டேப்புக்கு ஈரத்தைவிடச் சூடு ஆகாது, புகை ஆகவே ஆகாது என்று அப்போதுதான் சொன்னான். அந்த இங்கிலீஷ் சீட்டில் அதுதான் எழுதியிருந்ததாம். தமிழில் எழுத வேண்டும் என்று ஜெபிஷா சொல்ல, கம்பெனிப் பெட்டியில் தமிழ்ச் சீட்டு நன்றாக இருக்காது என்று செல்வின் சொல்லிவிட்டாராம்.

நானும் வருகிறேன் என்று காரில் ஏறினேன். என் அடுப்பு செய்த காரியத்தை நான் பார்க்க வேண்டாமா? அப்படித்தான் அந்த ஒரு வாரமும் தூத்துக்குடியில் தம்பி மகன் வீட்டில் தங்கி, பகலெல்லாம் ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். முதலாளியின் அத்தையை யார் எழுந்து போகச் சொல்வார்கள்?

ஜெபிஷா குட்டையான பெண். சேலைக் கரையை ஈரத்துக்காகத் தூக்கிச் செருகியிருந்தாள், கண்ணாடி கயிற்றில் தொங்கியது. பெட்டியை வாங்கித் திறக்காமல் மூடியில் மூக்கை வைத்தாள். பிறகு விரலால் தடவிக் கரியைப் பார்த்தாள்.

"வேல்ராஜ், நீ பீடி குடிக்கல."

"இல்லக்கா."

"அஞ்சு வருசம் ஒன்னத் திட்டியிருக்கேன். மன்னிச்சிரு."

நான் முன்னால் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பரண், விறகு, கருப்பட்டி, துடைத்தது, ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"ஈரம் பட்டுச்சா ஆச்சி?"

"ஒரு பொட்டு படல."

"அப்போ ஒங்ககிட்ட வந்து சேந்ததச் சரியாத்தான் செஞ்சிருக்கிய. நான் சொன்னதுல பாதிதான் வந்து சேந்திருக்கு."

அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த ஒரு வாரத்தில் என் அடுப்பைப் பற்றி அவள் வாயிலிருந்து ஒரு குறை வரவில்லை.

சிவனணைந்தபெருமாளும் செல்வினும் வந்து, எப்போது ஓடும் என்று கேட்டார்கள். இவள் காலண்டரைப் பார்த்தாள்.

"அடுத்த திங்கக்கிழமை காலைல ஆறு மணி அண்ணாச்சி."

நாலு மணி நேரம் என்றல்லவா பேப்பரில் இருக்கிறது என்றார் செல்வின். "அந்தப் பேப்பர்ல என் கையெழுத்து இருக்கா சார்?" என்றாள்.

ஏன் அத்தனை நாள் என்று அவள் அவர்களுக்குச் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். எனக்கே புரிந்தது. டேப்பு என்பது நீளமான நாடா. ஒவ்வொன்றுக்குள்ளும் அரை மைலுக்கு மேல் சுற்றியிருக்கிறது. நடுவில் இருக்கிற ஒன்று வேண்டும் என்றால் தாவிப் போய் எடுக்க முடியாது, ஓட்டித்தான் போக வேண்டும். எந்த டேப்பில் எங்கே என்ன இருக்கிறது என்ற பட்டியல் முங்கிப்போன சர்வருக்குள் போய்விட்டது. ஆகையால் எட்டு டேப்பையும் ஒரு தடவை பட்டியலுக்காக முழுக்க ஓட்ட வேண்டும், பிறகு சரக்கை இறக்க இன்னொரு தடவை முழுக்க ஓட்ட வேண்டும். எல்லாம் பொடிப்பொடியான பேப்பர் நகல்கள், லட்சக்கணக்கில். பெரிய மூட்டையாக இருந்தால் சீக்கிரம் இறக்கலாம், கடுகை ஒவ்வொன்றாக எண்ணி இறக்குவதுபோல இது. அதற்கும் முன்னால், வெளியே இருந்து வந்த எந்த டேப்பையும் உடனே குளிர் அறை மெஷினில் போட்டால் நாடாச் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி இழுத்துக்கொள்ளும். ஒரு பகலும் ஒரு இரவும், தண்ணீரை இறைத்துத் துடைத்த அந்த அறையில் சும்மா கிடந்து ஆற வேண்டும்.

அந்தச் சும்மா என்ற சொல்லில்தான் தீப்பிடித்தது. வெளியே லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள், கப்பல் கம்பெனியிலிருந்து நிமிஷத்துக்கு ஒரு போன். உள்ளே எட்டு டேப்பு மேஜைமேல் சும்மா கிடக்கிறது. அதற்குள் மதுரையிலிருந்து புது சர்வரும் டேப் ஓட்டுகிற மெஷினும் வந்து இறங்கிவிட்டன. செவ்வாய்க்கிழமை காலையில் செல்வின் யாரோ சென்னைக்காரரிடம் போனில் பேசிவிட்டு வந்து, ஆற வைப்பதெல்லாம் புத்தகத்தில் எழுதியிருக்கிற சமாச்சாரம், உடனே போடு என்றார். இவள் மேஜை முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க போடுங்க சார். நான் தடுக்கல. ஆனா டேப்பு அறுந்தா யாரு போட்டதுன்னு ஒரு தாள்ல எழுதி இப்பவே கையெழுத்துப் போட்டுட்டுப் போடுங்க. இன்னொரு நகல் கெடையாது."

செல்வின் டேப்பைக் கையில் எடுத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு மேஜைமேலேயே வைத்துவிட்டு, முதலாளியைக் கூட்டிவரப் போனார்.

சிவனணைந்தபெருமாள் கோபக்காரன். அவன் அப்பன், என் தம்பி, அப்படியே இருந்தான். வந்ததும் சொன்னான்: "நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஓடணும். ஓடலேன்னா நீ வீட்டுக்குப் போயிரு."

"வீட்டுக்குப் போறேன் அண்ணாச்சி. அடுத்த திங்கக்கிழமை போறேன். இத முடிச்சிட்டு."

அனுப்பிவிட்டால் அதை ஓட்ட வேறு ஆள் இல்லை. அதுவும் அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அந்தத் தைரியத்தில் அவள் பேசியதாக எனக்குத் தோன்றவில்லை. வேறு ஆள் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

டேப்பு கிடந்ததே தவிர ஆட்கள் கிடக்கவில்லை. என் வீட்டுப் பெட்டி மாசி ஒன்றாம் தேதி நகல். அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் நடந்ததெல்லாம் கேட்டில் கிழித்த சீட்டுகளில் மட்டும் இருந்தது. ஆபீஸில் இருந்த ரம்யா, ஹில்டா என்று நாலு பெண்களை உட்கார வைத்து, அந்தச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கச் சொல்லி, தனி கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னாள். நான் முறுக்கும் அதிரசமும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போதுதான் ஜெபிஷாவை விசாரித்தேன்.

"நீ யாரு மக?"

"நாசரேத் ஜெயபாய் டீச்சர் மக."

"ஜெயபாய்க்கு அப்பா?"

"தவசிமுத்து வாத்தியார்."

எனக்கு உட்கார்ந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. என் பாட்டனின் அக்காளை உடன்குடியிலிருந்து மூக்குப்பீறிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அங்கே குடும்பத்தோடு வேதத்தில் சேர்ந்துவிட்டார்கள். அவளுடைய மகன் வழிப் பேரன்தான் தவசிமுத்து வாத்தியார். கோயில் வேறானாலும் கல்யாணத்துக்கு இங்கிருந்து கருப்பட்டிச் சிப்பம் போகும், அங்கிருந்து கிறிஸ்துமஸுக்குப் பலகாரம் வரும். என் அப்பா காலம் வரைக்கும் நடந்தது. தவசிமுத்து எனக்கு அத்தான் முறை. அப்படியானால் ஜெயபாய் எனக்கு மகள், இவள் பேத்தி. ஐந்து வருஷமாக நின்றுகொண்டிருந்த பெயர் அன்றைக்கு உட்கார்ந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு முதல் டேப்பை மெஷினில் போட்டாள். அது உள்ளே இழுத்துக்கொண்டு தையல் மெஷின்போல ஒரு சத்தம் போட்டது. அவள் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, ஓடுது என்றாள். மணியைச் சுவரில் ஒட்டிய தாளில் குறித்தாள். ரெனிஷ் காலையும் மாலையும் சோறு கொண்டுவந்தான். டேப்பு மாற்றுகிற நேரத்துக்கு ஆள் வேண்டும் என்பதால் அவள் அங்கேயே படுத்து எழுந்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் பட்டியலே பாதிதான் முடிந்திருந்தது. செல்வின் வேலையை விட்டு நீக்குகிற கடிதத்தை அடித்து எடுத்துக்கொண்டு வந்தார். இவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அந்த டிராயர்ல வைங்க சார். திங்கக்கிழமை வாங்கிக்கிடுதேன்" என்றாள். அவர் நின்று பார்த்துவிட்டு டிராயரில் வைத்தார். இப்படி ஒரு ஆளை நான் என் எழுபத்தெட்டு வயதில் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஆறாவது டேப்பு வழக்குப் பண்ணியது. கொஞ்சம் ஓடும், நிற்கும், பின்னால் போய் மறுபடி அதே இடத்தைப் படிக்கும், நிற்கும். அதுதான் பெட்டியில் அடியில் இருந்த டேப்பு. அடுப்பை ஒட்டி இருந்தது. மெஷினைத் துடைக்கிற டேப்பு என்று ஒன்றைப் போட்டுச் சுத்தம் செய்து, ஆறாவதைத் திரும்பப் போட்டாள். மறுபடி அதே நடை. சனிக்கிழமை காலையில் செல்வின், அந்த ஒன்றை விட்டுவிட்டு மிச்ச ஏழோடு கேட்டைத் திறந்துவிடலாமே என்றார். சிவனணைந்தபெருமாளும் தலையை ஆட்டினான்.

"அதுல நானூத்திச் சொச்சம் கண்டெய்னர் இருக்கு," என்றாள் இவள். "விட்ரலாம். எந்த நானூறு பார்ட்டின்னு ரம்யா லிஸ்ட் தருவா. ஒங்க பெட்டி எங்க இருக்குன்னு எங்களுக்குத் தெரியாதுன்னு நீங்களே ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டுச் சொல்லிருங்க சார்."

போன் போட யாரும் முன்வரவில்லை. ஆறாவது டேப்பு நொண்டி நொண்டி ஓடியது. தன் சொல் தப்பிவிடும் என்று அவளுக்குச் சனிக்கிழமையே தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை ஆறு மணி என்று சொன்னவள் தாளில் அதை அடித்துப் பதினொன்று என்று எழுதினாள். அவர்கள் யாரும் கேட்பதற்கு முன்னால் தானே போய் முதலாளி அறையில் சொன்னாள்: "அஞ்சு மணி நேரம் பிந்தும் அண்ணாச்சி. நான் சொன்னது தப்பிட்டு. எழுதிக்கிடுங்க."

திங்கட்கிழமை காலை பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் எட்டு டேப்பும் இறங்கி முடிந்தன. சீட்டுகளையும் சேர்த்தார்கள். சிவனணைந்தபெருமாள் நம்பவில்லை. வரிசையில் நின்ற ஒரு லாரிக்காரரின் சீட்டை வாங்கி நம்பரைப் படித்தான். அவள் தட்டிப் பார்த்து, மூன்றாம் வரிசை, எட்டாவது, கீழிருந்து இரண்டாவது என்றாள். அந்த நம்பர் ஆறாவது டேப்பிலிருந்து வந்தது. அவனே யார்டுக்குப் போனான். கிரேன் மேலே இருந்த இரண்டை நகர்த்தியது. அங்கே இருந்தது.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதச் சொல்லியிருக்க மாட்டேன். மதியம் அவளை அறைக்குக் கூப்பிட்டான். நானும் செல்வினும் இருந்தோம். நீக்குகிற கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றான். பதிலுக்குக் கப்பல் கம்பெனிக்கு அனுப்புகிற ஒரு தாளில் கையெழுத்து வேண்டும். டேப்பைச் சரியாகப் பாதுகாக்காத ஊழியரின் கவனக்குறைவால் இத்தனை நாள் தாமதம் என்று அதில் இருந்தது. நாலு மணி நேரம் என்று எழுதிக் கொடுத்ததற்கு அவர்களுக்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டுமே.

"ஒரு கையெழுத்துதான். போட்டுட்டு ஒன் சீட்ல போய் உக்காரு," என்றான். அதட்டலாகச் சொல்லவில்லை, கெஞ்சலாகவே சொன்னான்.

அவள் இரண்டு தடவை படித்தாள்.

"இது தாமதம் இல்ல அண்ணாச்சி. அந்த டேப்புக்கு ஆகுற நேரமே இவ்வளவுதான். அடுப்புச் சூடு கெடுத்தது அஞ்சு மணி நேரம். மிச்சத்த, நாலு மணி நேரம்னு எழுதுனவருகிட்ட கேளுங்க."

"அப்போ என் அடுப்புன்னு எழுதுல," என்றேன் நான். "உடன்குடி பகவதி வீட்டு அடுப்புன்னு எழுது. நான் கைநாட்டு இல்ல, கையெழுத்தே போடுதேன்."

"அத்தை, குடும்பப் பேரு இது. வெளிய பேசாதிய."

"அவளும் குடும்பந்தாம்ல. தவசிமுத்து வாத்தியார் பேத்தி. ஒனக்கு மக முறை."

ஜெபிஷா தன் மேஜைக்குப் போய் டிராயரிலிருந்து அந்தப் பழைய கடிதத்தை எடுத்து வந்தாள். அதன் அடியில், வேலையை முடித்துவிட்டுப் போகிறேன், பெட்டி கைக்கு வந்ததிலிருந்து ஆன நேரம் ஆறு நாள் இருபத்தொரு மணி நேரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஒரு நகல் எடுத்து அவர்களிடம் கொடுத்துவிட்டு, மூலத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். கிளம்பும்போது வேல்ராஜிடம் மட்டும் பெட்டியைக் குளிர்ந்த இடத்தில் வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

கப்பல் கம்பெனிக்கான அந்தத் தாளைக் கையெழுத்து இல்லாமலேயே அனுப்பிவிட்டார்கள் என்று ரம்யா சொன்னாள். நாசரேத்திலும் சாத்தான்குளத்திலும் இன்றைக்கும் சிலர், டேப்பைக் கெடுத்துவிட்டு வேலை போன பெண் என்று அவளைச் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் என் வீட்டுக்கு வரட்டும். பரணைக் காட்டுகிறேன். அடுத்த மாதம் வேல்ராஜ் வழக்கம்போல ஒரு நீலப் பெட்டியோடு வந்தான். இந்தத் தடவை தமிழில் சீட்டு ஒட்டியிருந்தது. நான் எழுத்துக்கூட்டிப் படித்தேன். சூடு, புகை, ஈரம் கூடாது என்று இருந்தது. நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்றேன், டீ கொடுத்தேன், பெட்டியை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். என் வீட்டில் இடமில்லை என்று முதலாளியிடம் போய்ச் சொல் என்றேன். தம்பி மகன் போன் பண்ணவில்லை. ஆடி அமாவாசைக்கும் வரவில்லை. வராவிட்டால் போகட்டும், அவன் அப்பனிடமே நான் மூன்று வருஷம் பேசாமல் இருந்தவள்.

ஜெபிஷா இப்போது தூத்துக்குடியில் மடத்தூர்ப் பக்கம் இன்னொரு கிட்டங்கியில் அதே வேலை பார்க்கிறாள். அங்கே கொடுக்கிற பேப்பரில் ஒரு வாரம் என்று எழுதி அவளே கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.